துடைத்த சாக்பீஸ் குறி

போடிமெட்டுக்குக் கீழே எங்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கூரை போட வேண்டியிருந்தது. சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டவே மூன்று மாதம் வனத்துறை ஆபீசுக்கு அலைந்தேன். ஒருவழியாக ஒவ்வொரு கட்டையிலும் அரசு முத்திரை அடித்துக் கொடுத்தார்கள்.

வேலைக்கு வந்த ஆசாரி முருகேசன் ஓர் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். "அண்ணே, இது உள்ளுக்குள்ள வெடிச்சிருக்கு. வேணாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கவர்மெண்டே முத்திரை குத்திருக்கு. நீ என்ன பெரிய ஆபீசரா?" குறியைத் துண்டால் துடைத்துவிட்டு, அதையே ஏற்றச் சொன்னேன்.

ஓடு வேயும்போது அந்த உத்தரம் முறிந்தது. மேலே இருந்த முருகேசன் விழுந்ததில் அவருடைய வலது கை எலும்பு உடைந்தது.

மறுநாள் முறிந்த உத்தரத் துண்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கத்தினேன்.

"இது திருட்டு மரமில்லைன்னுதான் சார் முத்திரை சொல்லும். தாங்குமான்னு பாக்குறது எங்க சோலி இல்ல" என்றார் அங்கிருந்த ஊழியர்.

"அப்ப யார்தான்யா பாக்குறது?" என்று மேசையில் ஓங்கி அறைந்தேன்.

நான் மேசையில் போட்டிருந்த மரத்துண்டில், முத்திரைக்குப் பக்கத்திலேயே, நான் சரியாகத் துடைக்காத சாக்பீஸ் கோடு தெரிந்தது. அதைத் தட்டிப் பார்த்தவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.