‘தூரமா?’ என்று ஒரு தடவைதான் கேட்டேன்

உங்களுக்கு எதற்கு அந்தக் கதை? ஒரு கிழவி சுருக்குப்பையை அவிழ்த்து வெற்றிலை எடுத்தால் வெற்றிலையைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கிழவியைப் பார்க்க வேண்டும். பைக்குள் என்ன மினுக்குகிறது என்று கழுத்தை நீட்டுவது என்ன பழக்கம்? பாக்குத் துண்டுகளுக்கு நடுவே கிடக்கிற அது புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். சதுரமாக, கறுப்பாக இருக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் புறாவின் கழுத்து மாதிரி பச்சையும் ஊதாவும் ஓடும். அடகுக் கடையில் கொண்டுபோய் நீட்டினால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் மருமகள் கொடுத்தது அது. கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள், உட்காருங்கள். பாதியில் எழுந்து போகக்கூடாது.

மருமகளுக்கு மணலூர்பேட்டைப் பக்கம். கரும்பு போடுகிற குடும்பம். பெண் பார்க்கப் போனபோது, பெண் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று தரகர் சொல்லியிருந்தார். எனக்கு முழங்கால் வலி வேறு. காபி கொண்டுவந்தவளிடம், “ஊசியெல்லாம் வலிக்காம போடுவியா கண்ணு?” என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் சிரிக்காமல், “நான் அந்த டாக்டர் இல்லைங்க. கண்ணுக்கே தெரியாத பொருளை உக்காரவெச்சு கணக்குப் போடச் சொல்ற வேலைங்க” என்றாள். “சொன்னா கேக்குமா?” என்றேன். “இதுவரிக்கும் கேக்கலைங்க” என்றாள். அந்தப் பதிலுக்காகவே தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று செய்கிறார்கள், அதற்கு உள்ளே வைக்கிற சில்லு செய்வது அவள் பொறுப்பு. பேத்தி பிறந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே போய்த் தங்கினேன். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்த இயந்திரத்தைக் காட்டினாள். உறையைக் கழற்றி வைத்திருந்தார்கள். குத்துவிளக்கைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, தட்டுத் தட்டாகத் தங்க நிறம். தட்டுக்குத் தட்டு மெல்லிய குழாய்கள். ஒவ்வொரு தட்டும் மேல்தட்டைவிடக் குளிராம். கடைசித் தட்டில் இருக்கிற குளிர் வானத்தில்கூடக் கிடையாதாம். அங்கேதான் அவள் செய்த சில்லு உட்காரும்.

“வாசப்படியில ஒரு கால உள்ள வச்சி, ஒரு கால வெளிய வச்சி நிக்கிற ஆளு மாதிரி அத்த அது,” என்றாள். “உள்ளயும் இருக்கும், வெளியயும் இருக்கும். அப்படி நிக்கிற வரிக்கும்தான் அது கணக்குப் போடும். எந்தப் பக்கம்னு நாம எட்டிப் பாத்தோம்னா, ஒரு பக்கமா வுழுந்துடும். கணக்கு போச்சு.”

எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வெளியே புறப்படுகிறவரைப் பார்த்து ‘எங்க போற’ என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். கேட்டுவிட்டால், புறப்பட்டவர் திரும்பி உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகுதான் மறுபடியும் கிளம்புவார். கிளம்பும்போது கேட்டவரை ஒரு முறை முறைத்துவிட்டும் போவார். “இது நம்மூரு சட்டந்தானே,” என்றேன். “அப்ப உள்ள தப்பு நடந்தா எப்படிக் கண்டுபுடிப்பீங்க? கேக்கவும் கூடாதுன்ற.”

“அதான் அத்த கஷ்டம். நேரா கேக்காம சாடையா கேக்கணும். பக்கத்துல இன்னொண்ண உக்காரவெச்சு, அதுங்கிட்ட விசாரிக்கிற மாதிரி.”

“அதுக்கு ஏன் இவ்ளோ மண்டைய ஒடச்சிக்கிறீங்க? ‘தூரமா?’ன்னு கேளேன்.”

அவள் அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தானே. புறப்படுகிறவரிடம் ‘எங்க’ என்று கேட்காமல் ‘தூரமா?’ என்று கேட்பதும், அவர் ‘பக்கந்தான்’ என்றோ ‘கொஞ்சம் தூரந்தான்’ என்றோ சொல்லிவிட்டுப் போவதும் அவள் வீட்டிலும் நடப்பதுதான். கேட்டவருக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதா வேண்டாமா என்று தெரிந்துவிடும். போகிறவர் காரியமும் கெடாது. அதை அவள் உடன் வேலை செய்கிறவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அன்று முதல் அந்தச் சோதனைக்கு அங்கே ‘தூரமா’ என்றே பேர். கன்னடக்காரப் பையனும் வங்காளத்துப் பெண்ணும் வாயைக் கோணிக்கொண்டு “தூரமா ரெடியா மேடம்?” என்று போனில் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். அந்த வாரம் ஒரு சில்லு கெட்டுப்போனது என்று எடுத்துவந்தாள். “இது செத்துப்போச்சு அத்த, நீங்க வச்சிக்கோங்க” என்று என் கையில் வைத்தாள். செத்ததை யாராவது மாமியாருக்குப் பரிசு கொடுப்பார்களா என்று திட்டிக்கொண்டே பையில் போட்டுக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்தே நிலவரம் தெரிந்துவிடும். “இன்னிக்கு நின்னுச்சா?” என்பேன். “நின்னுச்சு, வுழுந்துடுச்சு.” “நீ எம்மவங்கிட்ட மூஞ்ச தூக்கிவச்சிக்கினு இருப்பியே, அந்த நேரமாச்சும் நிக்கலியா?” “அவ்ளோ நேரம் நின்னா எனக்கு உலகம் பூரா மாலை போடுவாங்க அத்த.” கண் இமைக்கிற நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட நிற்காத ஒன்றுக்காக அவள் வருடக்கணக்காகப் பாடுபட்டாள். ஒரு சில்லு செய்து, உள்ளே வைத்து, குளிரவைத்து, கெட்டு, சூடாக்கி, எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து. எங்கள் ஊரில் மழையை நம்பி விதை போடுகிறவர்கள்கூட இந்தப் பொறுமைக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள். கடைசியில் ஒரு சில்லு நின்றது. முன்னால் நின்றதையெல்லாம்விட நன்றாக நின்றது. அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். இனி அதனிடம் ‘தூரமா’ கேட்க வேண்டியதுதான் பாக்கி என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. நான் கள்ளக்குறிச்சிக்கு ஓடிவந்தேன். நான் இல்லாமல் அங்கே குழந்தையைப் பார்க்க ஆளில்லை, குழந்தையும் என்னோடு வந்தது. பின்னாலேயே மருமகளும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். மகன் சனி ஞாயிறு வந்து போனான். என் இடுப்பும் சரியில்லை. அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது நான் வாய்விட்டுக் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். பெங்களூரிலிருந்து போன் வந்தபடி இருக்கும். அவள் கொல்லைப்பக்கம் போய்ப் பேசுவாள். இயந்திரம் சும்மா இருக்க முடியாது, நீங்கள் வராவிட்டால் வேறு குழு எடுத்துக்கொள்ளும் என்று சொன்னார்களாம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். மகனை வேலையை விட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. அவளையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாதது அவனுக்குக் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை. நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றாள். எப்போதும் சுடிதார் போடுகிறவள், அன்று நான் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். கையில் ஒரு பை. ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. செருப்பு வாரை மாட்டுகிறாள், மாட்டுகிறாள், அது மாட்டி முடியவில்லை. சின்னசேலம் போய்ப் பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுவாளோ, இவரை நான் தனியாக எப்படித் தூக்குவேன் என்று ஒரு பயம். இருந்தாலும் ‘எங்க போற’ என்று கேட்கலாமா? புறப்பட்டுவிட்டாளே.

“தூரமா?” என்றேன்.

செருப்பு வாரை மாட்டி முடித்தாள். “பக்கந்தான் அத்த,” என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. பக்கந்தானே, மருந்துக் கடைக்கோ பேங்குக்கோ இருக்கும். “அப்ப மத்தியானத்துக்கு ஒனக்கும் சேத்து வடிச்சிடறேன்,” என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தேன்.

மத்தியானம் வந்தாள். கை கழுவிக்கொண்டே, ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு எஞ்சினியரிங் காலேஜில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். பெங்களூருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். படுக்கையில் இருந்தவர் கோணின வாயோடு அழுதார். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாயில் வருவது கிண்டல்தான். “காலேஜ்ல குளுரு பெட்டி இருக்காதே, ஃபேனாச்சும் ஓடுமா?” என்றேன். “ஓடும் அத்த. காத்து கம்மி, சத்தம் ஜாஸ்தி,” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சோறு மட்டும் தட்டில் அப்படியே இருந்தது.

அவர் கோலூன்றி நடக்க ஆரம்பித்ததும், கல்வராயன் மலையில் ஒரு கோயிலுக்கு வேண்டிக்கொண்டதை முடிக்கப் போனோம். வெள்ளிமலைக்கு மேலே போகும்போது வேன் முழுக்கப் பலாப்பழ வாசனை. மருமகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாள். “இந்தக் குளுரு ஒம் பெட்டிக்குப் பத்துமா?” என்றேன். “எம் பெட்டிக்கு இது அடுப்பு அத்த,” என்றாள். மலையில் போன் எடுக்காது, ஒரே ஒரு வளைவில் மட்டும் டவர் கிடைக்கும். திரும்பி வரும்போது டிரைவர் அங்கே வண்டியை நிறுத்தினார். எல்லாருடைய போன்களும் ஒன்றாகக் கத்தின. அவளுடையதும் கத்தியது. பார்த்தவள் வண்டியை விட்டு இறங்கிப்போய் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். போனை என்னிடம் நீட்டினாள். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அந்த வங்காளத்துப் பெண் இங்கிலீஷில் என்னவோ எழுதி, நடுவில் ஒரு வார்த்தையை மட்டும் யாரிடமோ கேட்டுத் தமிழில் போட்டிருந்தாள். தூரமா.

“எம் சில்லுதான் அத்த. நான் கடைசியா வச்சிட்டு வந்தது. தூரமா கேட்டாங்களாம். சரியா பதில் சொல்லிச்சாம்.”

கீழே சமவெளி புகைமூட்டமாகத் தெரிந்தது. நான் அவள் முதுகில் கை வைத்தேன். “நானுந்தான் ஒங்கிட்ட தூரமான்னு கேட்டேன்,” என்றேன்.

“ஒரு தபாதானே கேட்டீங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பாடம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். “ஒரு தபா கேட்டா பத்தாது அத்த. அந்தப் பதிலே தப்பா இருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டுக்கினே இருக்கணும். அப்பத்தான் எங்க கெட்டுப்போச்சுன்னு தெரியும். நாங்க அங்க அப்படித்தான் கேப்போம்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கி இன்னொரு தபா கேட்டிருந்தீங்கன்னா, பக்கமா தூரமான்னே தெரியலன்னு சொல்லியிருப்பேன்.”

“நம்மூர்ல ரெண்டாவது தபா கேக்க மாட்டாங்களே கண்ணு. மரியாத இல்லியே.”

“தெரியும் அத்த.”

“கேக்காமலே, பாக்காமலே வுட்டுட்டா அது அப்படியே நிக்காதா?”

“நிக்காது. யாரும் பாக்கலன்னாலும் கொஞ்ச நேரத்துல தானா கலைஞ்சிடும்.” டிரைவர் ஹாரன் அடித்தார். என்னைக் கைபிடித்து ஏற்றிவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் அவள் காலேஜுக்குப் புறப்படும்போது நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். “தூரமா?” என்கிறேன். “பக்கந்தான் அத்த.” “நெஜமா?” “நெஜந்தான்.” “இன்னொரு தபா சொல்லு.” “எனக்கு மொத வகுப்பு இருக்கு, வுடுங்க அத்த.” சிரித்துக்கொண்டேதான் போகிறாள். பதில் மட்டும் மாறுவதில்லை. அவள் தெருமுனை திரும்பியதும் பையை அவிழ்த்து அந்தச் சில்லைத் திருப்பிப் பார்ப்பேன். புறாக் கழுத்து நிறம் அப்படியே இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டிவிட்டது.

தெருவில் சும்மா இருப்பார்களா? பெங்களூரில் அவளை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. எதிர்வீட்டு அரிசி மண்டிக்காரர் சம்சாரம் ஒருநாள் வெற்றிலை கேட்கிற சாக்கில் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, “பெரிம்மா, ஒங்க மருமவள அங்க வேணான்னுட்டாங்களாமே, நெஜமா?” என்றாள். அவளோடு வந்த இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே படுத்திருக்கிற மனுஷன் காதில், மருமகள் வேலை உன்னால்தான் போனது என்று விழவும் கூடாது.

“யார்ரி சொன்னது? அவங்க கால்ல வுழுந்து கூப்புட்டாங்க. நாந்தான் அனுப்பமாட்டேன்னுட்டேன்,” என்றேன். “மாமியாக்காரி வூட்டுல கெடக்குறா, ஒனக்கு இன்னா மிஷினு வேண்டிக்கெடக்குதுன்னு பைய புடுங்கி வச்சிக்கினேன். மாமியாருன்னா சும்மாவா?”

மூன்று பேரும் உடனே நம்பினார்கள். “பாவம் பெரிம்மா அந்தப் பொண்ணு,” என்றாள் அரிசி மண்டிக்காரர் சம்சாரம், வெற்றிலையை வாங்கிக்கொண்டே.

“ஆமாண்டி, பாவந்தான்,” என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை.