ஆப்பசோடாவின் இன்னொரு பெயர்

ஈரத்துணிக்கு அடியில் மைதா மாவு லேசாகப் புளிக்கிற வாசனை, வேலை முடிந்து அலுத்துச் சலித்து வீடு திரும்புகிற இந்த நாட்களிலும் என்னை மேலப்பாளையத்து வீட்டு அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. போவதற்கு எனக்கு ஒன்றும் ஆசையில்லை. ஆனாலும் நிறுத்திவிடுகிறது.

எனக்குப் பதினொரு வயதாகும்போது, சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த வாப்பா, வீங்கிய கால்களும் ஏறிய பிரஷரும் அட்டைப்பெட்டியில் ஒரு சின்ன ஓவனுமாக ஊரோடு வந்து சேர்ந்தார். உப்பை அடியோடு குறைக்கச் சொன்னார் டாக்டர். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. உப்பில்லாத குழம்பை ஒரு வாய் வைத்ததும் "சப்புன்னு இருக்கு" என்று வாப்பா தட்டைத் தள்ளிவிடுவார். பிள்ளைகளை அடக்கலாம், அவரை அடக்க முடியாது. சவூதியில் இருந்தபோது அவர் ஆசையாகச் சாப்பிட்டது பீட்சா என்பதால், எப்படியாவது நாலு வாய் உள்ளே போகட்டும் என்று உம்மா அதையும் செய்து பார்த்தாள்.

கடையில் வாங்குகிற சீஸில் உப்பு இருக்கிறதென்று, பாலை எலுமிச்சை பிழிந்து திரித்து அவளே பன்னீர் செய்தாள். மாவிலும் ஒரு கல் உப்பு கிடையாது. அதற்குப் பதிலாக நசுக்கிய பூண்டும் மிளகும் போட்டுத் தயிர் ஊற்றிப் பிசைந்தாள். ஈஸ்ட் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. மாவு உப்ப வேண்டுமே என்று, எங்கள் வீட்டில் "ஆப்பசோடா" என்று சொல்லும் வெள்ளைப் பொடியைத் தாராளமாக அள்ளிப் போட்டாள்.

வாப்பா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "ஏளா, இது ஒண்ணுதான் தொண்டைக்குள்ள இறங்குது" என்றார். உம்மாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மட்டும் என்றிருந்தது தினப்படி ஆகிவிட்டது. என் பங்கும் தினப்படி வந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு யார் வீட்டிலும் பீட்சா சுடுவதில்லை என்பதால் நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. மாவும் உப்பியது, வாப்பாவின் காலும் உப்பிக்கொண்டேதான் இருந்தது.

ஒருநாள் சோடா தீர்ந்துபோய் உம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். "ஆப்பசோடா குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டேன்.

"சோடா உப்புன்னு கேளு தாயி. அதுவும் ஒரு உப்புதான?" என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே பொட்டலம் கட்டினார்.

வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல்லையே மென்றுகொண்டு வந்தேன். பொட்டலத்தை உம்மா கையில் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பீட்சா நின்றுபோகும். அவ்வளவுதான். இதைவிட நல்ல காரணம் ஒன்று இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. வீட்டில் யாரோ சாப்பாட்டில் உப்புப் போடுகிறார்கள் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் வாப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏளா, ஒளிச்சு வச்சு உப்புப் போடுதியா? என்னய ஒரேயடியா அனுப்பிரலாம்னு பாக்கியா?"

உம்மா உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள். "அல்லா அறிய ஒரு கல்லு போடலைங்க" என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் முக்காட்டுத் துணியை வாயில் அமுக்கிக்கொண்டு அழுததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"உம்மா, ஆப்பசோடாவும் உப்புதானாம். கடை அண்ணாச்சி சொன்னாங்க" என்றேன். "எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள்.

"இன்னைக்குத்தான்."

டாக்டரும் ஆமாம் என்றார். சோடாவை நிறுத்திய பத்து நாளில் வீக்கம் வடிந்தது. வாப்பா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உப்பில்லாத குழம்பை மட்டும் அன்றிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் வழித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார்.

இப்போது வாப்பா இல்லை, அந்த ஓவன் இல்லை. அண்ணாச்சி கடை இருந்த இடத்தில், யாரோடும் பேசாமல் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வருகிற பெரிய கடை வந்துவிட்டது. பிரஷர் இப்போது உம்மாவுக்கு. உப்பே போடாமல், ஈஸ்ட் மட்டும் போட்டு அவளுக்குப் பீட்சா மாவு பிசைகிறேன். உப்பில்லாத மாவு அவசரமாகப் பொங்கி அமுங்கிவிடும் என்பதால், எவ்வளவு அசதியானாலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டுக்காரம்மா வந்திருந்தார். பீட்சாத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் சொல்கிற கதையை உம்மா ஆரம்பித்தாள். "பதினோரு வயசுலயே இவதான் கண்டுபிடிச்சா. அண்ணாச்சி சொன்ன அன்னைக்கே ஓடி வந்து எங்கிட்ட சொல்லிட்டா. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அவுக காலு என்ன ஆயிருக்குமோ!"

"ஆறிப்போவுது, சாப்பிடுங்க உம்மா" என்றேன்.