வாப்பா மாற்றிய டைமிங் செயின்

ஊருக்கு வரும் ஒவ்வொரு தடவையும் இனி சபுருக்குப் போகப்போவதில்லை என்று சொல்வது என் வாப்பாவின் வழக்கம். சபுர் என்றால் எங்கள் தெருவில் வளைகுடா நாடுதான், வேறு அர்த்தம் கிடையாது. ஒரு விடுமுறையில் கோழிப்பண்ணை வைப்பதாக இருந்தார். அடுத்த விடுமுறையில் செல்போன் கடை. நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அவருடைய திட்டம் கார். வீட்டில் சும்மா நின்ற பழைய காரைச் சரிசெய்து குற்றாலம் சீசனுக்கு வாடகைக்கு ஓட்டினால் போதும், கஞ்சியோ கூழோ இங்கேயே குடித்துக்கொள்ளலாம் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். உம்மா “சரி” என்றாள். கோழிக்கும் அவள் அப்படித்தான் சரி சொல்லியிருந்தாள். நான்தான் முழுசாக நம்பினேன். ஒன்பது வயதில் நம்பாமல் வேறு எப்போது நம்புவதாம்?

காருக்கு ஒரு சீக்கு இருந்தது. காலையில் சாவியைத் திருகியதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல முன்பக்கம் கடகடவென்று அடிக்கும். டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, அறுந்தால் இன்ஜினே போய்விடும் என்று தென்காசியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். சீசன் நேரம், வண்டியை விட்டுப்போனால் எப்போது கிடைக்கும் என்று கேட்கக்கூடாது என்றும் சொன்னார்கள். வாப்பாவுக்கோ அந்த வாரமே வண்டி வேண்டும். நாமே மாற்றிவிடலாம் என்று புதுச் செயினை வாங்கி வந்துவிட்டார். வாடகைக்கு ஓட்டத்தான் இத்தனை அவசரம் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். வண்டி ஓடினால் வாப்பா இருப்பார், ஓடாவிட்டால் போய்விடுவார். என் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

வாப்பா சபுரில் ஓட்டுநர், மெக்கானிக் இல்லை. ஆனால் மெக்கானிக்குகளோடு ஒரே அறையில் பல வருஷம் படுத்து எழுந்ததில் அந்த வேலையும் தனக்கு ஒட்டிக்கொண்டதாக நினைத்திருந்தார். ஒட்டாத மிச்சத்தைச் செல்போன் வீடியோவில் ஒரு மலையாளி சொல்லிக்கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் தார்ப்பாய் கட்டி வேலையைத் தொடங்கினார்கள். கூடமாட உதவிக்கு உம்மாவின் தம்பியான மாமா வந்திருந்தார். கார் ஓட்டத் தெரியும் என்பதைத் தவிர மாமாவுக்கு அந்த வேலையில் எந்தத் தகுதியும் இல்லை.

“மச்சான், இன்னொருக்க யோசிச்சுக்கிடுங்க. பிரிச்சாச்சுன்னா பொறவு சேக்குறது லேசுல்ல.”

“ஏலே, புடிக்கச் சொன்னத மட்டும் புடி.”

ஜாக்கியையும் ஒரு மரக்கட்டையையும் அடியில் கொடுத்து இன்ஜினைத் தாங்கிக்கொண்டு, எண்ணெயை வடித்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடைசியில் முன்மூடியை எடுத்தார் வாப்பா. உள்ளே கறுத்த எண்ணெயில் குளித்தபடி இருந்தது செயின். மேலே இரண்டு பல்சக்கரம், கீழே ஒன்று. பார்க்க சைக்கிள் செயின் மாதிரிதான், ஆனால் குணம் வேறு. சக்கரங்களில் சின்னப் புள்ளிகள் இருக்கும். புதுச் செயினில் சில கண்ணிகளுக்கு மட்டும் நிறம் வேறாக இருக்கும். நிறக் கண்ணி புள்ளிக்கு நேரே உட்கார வேண்டும். ஒரு பல் தவறினாலும் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் வளைந்து போகும். இதையெல்லாம் வாப்பா மாமாவைத் திட்டிய திட்டிலிருந்தே நான் தெரிந்துகொண்டேன்.

பழைய செயினைக் கழற்றிய நேரம் பார்த்துச் சாரல் வந்தது. எங்கள் ஊர்ச் சாரல் தூறலோடு நின்றால் பரவாயில்லை, காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடித்தது.

“ஐயோ, தண்ணி உள்ள போச்சுன்னா அம்புட்டுதான்! எதையாவது கொண்டாங்க!” என்று கத்தினார் வாப்பா.

மாமா ஓடிப்போய்த் தார்ப்பாயைப் பிடித்துத் தொங்கினார். உம்மா குடையோடு வந்தாள். வந்தாள் என்பதைவிட நடந்தாள் என்று சொல்ல வேண்டும். வீடே பற்றி எரிகிற மாதிரி நான் துடித்துக்கொண்டிருக்க, அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்து குடையைப் பிடித்தாள். எனக்கு அவள்மேல் அப்போதே எரிச்சல் வந்துவிட்டது. குர்ஆனில் தெரிந்த சூராக்களை எல்லாம் ஒன்று விடாமல் ஓதினேன். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓதினேன்.

புதுச் செயின் ஏறியது. நிறக் கண்ணிகள் புள்ளிகளில் அழகாக உட்கார்ந்தன. இனி ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் நிறுத்திவிட வேண்டும். வாப்பா பிஸ்மி சொல்லிச் சுற்றினார். எங்கும் முட்டவில்லை. ஆனால் சுற்றி முடித்துப் பார்த்தால் நிறக் கண்ணிகளைக் காணோம். புள்ளி இருந்த இடத்தில் வேறு ஏதோ கண்ணி இருந்தது, நிறக் கண்ணி எங்கேயோ தள்ளிக் கிடந்தது.

“போச்சு!” என்றார் மாமா. “அங்கன கெடக்கு பாருங்க மச்சான். எல்லாம் மாறிப்போச்சு.”

வாப்பா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செல்போனைத் தட்டினார். சாரலில் சிக்னல் போய், மலையாளி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருந்தார். அழுகையோடு உம்மாவைப் பார்த்தேன்.

உம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

“அப்போ இந்த வாரத்துக்குள்ள முடியாதுல்லாங்க?” என்று கேட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு ஆசையை நான் கேட்டதே இல்லை. “மெதுவா பாத்துக்கிடலாம். எதுக்கு இப்படி அவதிப்படுதிய?”

இவளுக்கு வண்டி ஓடக்கூடாது, வாப்பா போய்விட வேண்டும்! பெற்ற தாய் இப்படி இருப்பாளா என்று அவளையே முறைத்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மலையாளிக்கு உயிர் வந்தது. நிறக் கண்ணி முதல்முறை கோர்ப்பதற்கு மட்டும்தான் அடையாளம், சுற்றியபின் அது நகர்ந்து போய்விடும், பல சுற்றுக்குப் பிறகே பழைய இடத்துக்கு வரும், சக்கரத்தின் புள்ளிகள் சரியாக இருந்தால் போதும் என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். வாப்பா எழுந்து குனிந்து பார்த்தார். மூன்று புள்ளிகளும் வைத்த இடத்தில் இருந்தன.

“எல்லாம் சரியாத்தாம்லே இருக்கு!” என்று மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மாமா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். உம்மா குடையைக் கை மாற்றிப் பிடித்தாள்.

மூடியில் தடவிய பசை காய மறுநாள் ஆனது. நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்ததும் சாவியைத் திருகினார்கள். ஒரு நொடி கரகரத்தது. என் உயிர் போய் வந்தது. பிறகு சத்தமே இல்லாமல் ஓடத் தொடங்கியது இன்ஜின். நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உம்மா மட்டும் அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போனாள். பின்னாலேயே போய், “வாப்பா இனி இங்கனயே இருப்பாவல்லா?” என்று கேட்டேன். அச்சு முறுக்கை எண்ணெயில் இறக்கிக்கொண்டே, “ஏட்டி, பொக அடிக்கி, தள்ளி நில்லு” என்றாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. பெரிய டப்பா நிறைய முறுக்குச் சுட்டிருந்தாள். வண்டி ஓடியதற்குக் கொண்டாட்டம் என்று நினைத்து நான் கைகொள்ளும் அளவுக்கு அள்ளித் தின்றேன். அன்று எல்லோரும் ஐந்தருவிக்குப் போய் வந்தோம். வழி முழுக்க வாப்பா வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாமாவுக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

எங்கள் தெருவில் சபுர் போகும் தேதியைப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். பிள்ளை அழுதால் போகிறவருக்குக் கால் எழும்பாது என்பார்கள். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முற்றத்தில் கார் இல்லை. முறுக்கு டப்பாவும் இல்லை. செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மாமாதான் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். இந்தத் தடவை சொந்த வண்டியில் போகவேண்டும் என்பது வாப்பாவின் ஆசையாம். வண்டி தயாராகாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதாக உம்மாவிடம் சொல்லியிருந்தாராம்.

“ஒனக்குத்தான் வாப்பா போகணும்! நான் பாத்தேன்!” என்று உம்மாவின் கையைத் தட்டிவிட்டுக் கத்தினேன். அவள் கோபப்படவில்லை. “மூஞ்சியக் கழுவிட்டு வா, டீ ஆறுது” என்றாள்.

அந்த முற்றத்தில் இன்ஜின் ஓட வேண்டும் என்று அழுது அழுது கேட்டது நான் ஒருத்திதான் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது.

பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கார் திரும்பி வந்தது. வாசல் வரை வந்து நின்றதே எங்களுக்குக் கேட்கவில்லை. மாமா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “ஒரு சத்தம் இல்லக்கா. மலையேறும்போதும் பூ மாதிரி போச்சு” என்றார்.

உம்மா “சரி” என்றாள்.