கதவுக்குப் பின்னால் தொங்கிய துப்பட்டா

"...அடுப்புல எரியற நெருப்பு வேற, ஆசைக்கு எரியவிடற நெருப்பு வேறம்மா. நம்ம வூட்டு மாடியில அது வேணாம்" என்றார் எங்கள் வீட்டு ஓனர் அக்கா. உதட்டில் இரண்டு குண்டூசி, கழுத்தில் அளக்கும் டேப். குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஒரு எழுத்துகூடச் சிதறாமல் பேசக்கூடியவர் அவர்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், கிழக்குத் தாம்பரத்தில் நடந்தது இது. மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், கீழே ஓனர் குடும்பம். ஓனரை இந்தத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடும். மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அக்கா முன்னறையில் தையல் மிஷின் போட்டு நைட்டியும் சுடிதாரும் தைக்கிறார். அவர் வாயிலிருந்து வரும் பேச்சைக் கேட்பதற்காகவே நான் கிழியாத துணியைக்கூட எடுத்துக்கொண்டு கீழே போவேன்.

நான் அனுமதி கேட்ட விஷயம், மாலையில் கோப்பார்களே, அந்தக் கண்ணாடி மணி செய்வது. பென்சில் போல இருக்கும் கலர் கண்ணாடிக் குச்சியை, கேஸில் எரியும் டார்ச்சின் நெருப்பில் காட்டினால் தேன் மாதிரி இளகும். அதை மெல்லிய கம்பியில் சுற்றிச் சுற்றி உருட்டினால் மணி. ஜி.எஸ்.டி ரோட்டுத் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், முதுகுவலியால் வேலையை விட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில், குரோம்பேட்டையில் ஒரு அக்கா நடத்தும் வகுப்புக்குச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். முதல் மணி வீங்கின ஈறு மாதிரி கோணலாக வந்தது. ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஒரு நீலம் தெரிந்தது பாருங்கள், அன்றைக்கு முழுக்க முதுகு வலித்ததா என்றே ஞாபகம் இல்லை.

வாரம் ஒரு வகுப்பு போதாது, கை பழக வீட்டிலும் செய்ய வேண்டும். பாய் வேண்டாம் என்றால் அதோடு சரி. மகனின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவிலேயே இருக்கிறது. ஒரு டார்ச்சுக்காக வீடு மாற முடியுமா?

கடைசியில் பாய்தான் இறங்கி வந்தார். "ஒரு தபா எங்க கண்ணு முன்னாடி செஞ்சி காட்டும்மா. பாத்துட்டு சொல்றேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வர்றோம்" என்றார்.

வகுப்பில் சொன்ன எதையும் விடவில்லை நான். பின்பக்க அறையைத் துடைத்து வைத்தேன். மேஜை மேல் இரும்புத் தகடு. சமையல் சிலிண்டர் வேறு அறையில். டார்ச்சுக்கு உரிய சின்ன கேஸ் கேன் தனி. ஜன்னல் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். நெருப்பு அலையாமலிருக்க சீலிங் ஃபேன் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், தீயணைக்கும் சிலிண்டர், கண்ணுக்கு அதற்கென்றே விற்கும் ஊதா நிறக் கண்ணாடி. செய்த மணியை மெல்ல ஆறவைக்க, மாடித்தோட்டக்காரர்கள் மண்ணில் கலப்பார்களே வெர்மிகுலைட், அது ஒரு டப்பா. கட்டிக்கொள்ளப் பருத்திப் புடவையைக்கூட மடித்து எடுத்து வைத்தாயிற்று. இனி சாயங்காலம் வர வேண்டியதுதான் பாக்கி.

அவர்கள் வந்ததோ காலையில். நைட்டியோடு உட்கார்ந்து, கேஸ் கேன் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்துக்கொண்டிருக்கிறேன், பெல் அடிக்கிறது.

நம் வீடுகளில் பெல் அடித்தால் கால் வாசலுக்குப் போவதற்கு முன்னால் கை எங்கே போகும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துப்பட்டா தொங்கும். அது எந்தச் சுடிதாரோடு வந்தது என்று யாருக்கும் தெரியாது. நைட்டி மேல் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"சாயங்காலம் ஒரு நிக்காஹ் இருக்குதும்மா, அதான் இப்பவே வந்துட்டோம்" என்று பாய் நின்றார். பின்னால் அக்கா, தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்து வந்த கோலத்தில்.

எனக்குப் பரீட்சை ஹாலுக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஊதாக் கண்ணாடியை மாட்டியதும் அக்கா, "வில்லன் மாதிரி கீற" என்றார். டார்ச்சைப் பற்றவைத்தேன். கண்ணாடிக் குச்சியைத் திடீரென்று உள்ளே நீட்டினால் வெடித்துச் சிதறும், அதனால் தள்ளிப் பிடித்துச் சூடேற்ற வேண்டும் என்று விளக்கினேன். நைலான், பாலியஸ்டர் துணி எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை. கம்பியை எடுக்கக் குனிந்தபோது தோளிலிருந்த துப்பட்டாவின் முனை சரிந்து நெருப்புக்குள் போனது.

"கழட்டுடி அத!"

நான் கழற்றுவதற்குள் அக்காவே பாய்ந்து, என் தோளிலிருந்து அதை உருவி வாளிக்குள் திணித்துவிட்டார். டார்ச்சை அணைத்தேன். துப்பட்டா உருகிய ஒரு சொட்டு முன்கையில் ஒட்டி எரிந்தது. அக்கா என் கையைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

இத்தனை கலவரத்திலும் பாய் என்ன செய்தார் தெரியுமா? துப்பட்டா என் மேலிருந்து போன அந்த நொடியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அணஞ்சிடுச்சா? அணஞ்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா கேட்டீங்க! வூடு எரிஞ்சாலும் சொவத்தாண்டதான் கேப்பீங்க போல" என்றார் அக்கா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

பாய் திரும்பாமலே சொன்னார்: "வேணாம்மா. உன் நல்லதுக்குதான் சொல்றேன்."

அவர் சொல்வதில் என்ன தப்பு? கண் முன்னால் பார்த்துவிட்டாரே. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குரோம்பேட்டை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

ஓனர் அக்கா மட்டும் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். கருகிய துப்பட்டாவை வெளியே எடுத்து, முனையைத் தையல்காரர்களின் வழக்கப்படி விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"நெருப்பு அது இருக்க வேண்டிய எடத்துலதாங்க இருந்துச்சு" என்றார் பாயிடம். "நாம பெல் அடிச்சோம், இவ இத எடுத்துப் போட்டா. நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். நாளைக்கு தண்ணி கேன்காரன் அடிப்பான், கொரியர்காரன் அடிப்பான். அப்பவும் போடத்தான போறா?"

"அப்ப இன்னா பண்ணலாம்ன்ற?" என்றார் பாய், சுவரிடம்.

இப்போது டார்ச் முன்னால் உட்காரும்போதெல்லாம் நான் போடுவது கெட்டிப் பருத்தியில் தைத்த ஒரு நீளக் கோட்டு. கை இறுக்கம், கழுத்து வரை பட்டன். யார் பெல் அடித்தாலும் நெருப்பை அணைத்துவிட்டு அப்படியே போய்க் கதவைத் திறக்கலாம். ஆணியில் துப்பட்டா இல்லை. ஒருத்தி தவறும்போது அவளை நிறுத்திவிடுவது சுலபம், அவள் எங்கே தவறினாள் என்று கூடவே நின்று பார்ப்பதற்குத்தான் பெரிய மனசு வேண்டும் என்று அதன் ஒவ்வொரு பட்டனைப் போடும்போதும் நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்குப் பாய் அப்படிக் கேட்டதும் அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினார், ஈரக் கையோடு நின்ற என்னைத் திருப்பி நிறுத்தினார், தோளிலிருந்து அளக்க ஆரம்பித்தார்.