கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேர்

ஐந்து வருடங்களுக்கு முன்னர், நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள். கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டில் படுத்திருந்தேன். மாதம் நிறையாமல் பிறந்த என் மகன், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். வெளியே விடாத மழை.

அடுத்த கட்டிலில் திருக்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி. அன்று விடியத்தான் சிசேரியன் செய்திருந்தார்கள். இரத்தப்போக்கு நிற்காததால் அசையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளுடைய மகள் என் மகனுக்குப் பக்கத்துப் பெட்டியில். பெற்றவள் இன்னும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் மகனுக்குப் பால் கொண்டுபோனபோது தாதி என்னைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை தாங்காது, தாயிடம் சொல்லியாயிற்று என்றார். திரும்பி வந்தால் அவள் அழவில்லை. போனில் ஃபாதரிடம் கதைத்துக்கொண்டிருந்தாள். அவரும், அவரைக் கூட்டிவரப் போன அவள் புருஷனும், வெள்ளம் பாய்ந்த வீதிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், வேறு மதத்தவர் என்றாலும் சரி, நல்ல மனதோடு கொடுத்தால் போதும் என்று ஃபாதர் சொன்னாராம். போனை வைத்துவிட்டு, எங்கள் முஸ்லிம் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோலவே என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, நீங்கதான் அங்க போய் வாறீங்க. என்ட புள்ள பேரில்லாமப் போகக் கூடா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாதியைக் கேட்கலாமே என்றேன். கேட்டாளாம், அது தன் வேலையில்லை என்றுவிட்டாராம்.

அன்று அவர்களுக்கு மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். யேசுவைத் தேடி ஏரோது ராசா கொன்றுபோட்ட பச்சைக் குழந்தைகளுக்காகப் பூசை வைக்கும் நாளாம். "இண்டைக்குத்தானா" என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள். நத்தார் என்றால் கேக்கும் பட்டாசும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தச் சந்தோசத்துக்கு நடுவில் இப்படியொரு நாளும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

படைத்தவனுக்குப் பிள்ளை இல்லை என்று ஓதி வளர்ந்த வாய் என்னுடையது. அந்த வாயால் பிதா, சுதன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் என் மகன் பிறந்தபோது அவனுடைய வாப்பா ஓடிவந்து காதில் பாங்கு, அந்தத் தொழுகை அழைப்பை, சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அதற்கு முன் அவன் போயிருந்தால்? அதை நினைத்ததும் எழும்பிவிட்டேன்.

அவள் வார்த்தைகளைச் சொல்லித் தந்தாள். பிழையில்லாமல் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். பேரையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது.

தாதி தடுக்கவில்லை. கையைக் கழுவச் சொல்லி, கொதித்தாறிய நீரைச் சிறு கோப்பையில் தந்தார். பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டேன். பிள்ளையின் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் தண்ணீர் விட்டு, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தியில் மஃரிபு தொழுகைக்கு முன் பிள்ளை போய்விட்டது.

"சொன்னீங்களா ராத்தா?"

"ஓம் தங்கச்சி. முழுசாச் சொன்னன்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்போமா என்றார். வேண்டாம் என்றேன். நான் நம்பாத வார்த்தைகளைத்தான் சொன்னேன், அதை என்னைப் படைத்த றப்பிடம் நானே சொல்லிக்கொள்வேன்.

என்னை அறுப்பது அதுவல்ல. அந்தப் பிள்ளை உயிரோடிருக்கையில் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நான் ஒருத்திதான். அந்தப் பேரை ஆசையாகத் தேடி வைத்தவளுக்கு ஒரு தரமாவது அப்படிக் கூப்பிடக் கிடைக்கவில்லையே என்பது, என் மகனைச் சத்தம் போட்டுக் கூப்பிடும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.