ஜுமகாதிரின் சிவப்பு பானெட்

மலையூரான நாரினுக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் இடையே இருபது வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர் ஜுமகாதிர். மெக்கானிக் என்றாலே அவருக்கு ஆகாது. டோலோன் கணவாயின் உச்சியில், கொட்டும் பனியில், இன்ஜின் பெல்ட் அறுந்தது.

"புது பெல்ட் வச்சிருக்கேன். பேசாம உக்காருங்க" என்று பயணிகளான எங்கள் மூவரையும் அதட்டினார்.

எந்தெந்தச் சக்கரத்தைச் சுற்றி பெல்ட் போக வேண்டும் என்ற படம் பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. அதன்படியே மாட்டினார். பெல்ட் ஒரு சாண் தொங்கியது. கழற்றி மாட்டினார், மறுபடியும் தொங்கியது. விரல்கள் விறைத்துவிட்டன.

அந்தச் சாலையில் யாரும் நிற்காமல் போவதில்லை. லாரிக்காரர் எசென்குல் இறங்கி வந்து பார்த்தார்.

"அண்ணே, வண்டி வெள்ளை, பானெட் சிவப்பு. ஏது?"

"குதிரை மோதி நசுங்குனப்ப பழைய சாமான் சந்தையில வாங்குனேன். கச்சிதமா உக்காந்துச்சு!"

"பானெட் உக்காந்துச்சு. படம் வேற இன்ஜினோடதுண்ணே. உங்க பழைய பானெட் எங்க?"

ஜுமகாதிர் சிக்னல் இல்லாத போனைப் பார்த்தார்.

"வீட்டுல, கோழிக்கூட்டுக்குக் கூரையா கிடக்கு."