பலகை மாறிய மூன்று கணக்கு

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. நான் படித்த காலத்தில் அது ஒரே அறை, தகரக் கூரை, ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது மாடி கட்டி, பதினோராம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க என் பெரியப்பா மகளை அழைத்திருந்தார்கள். தலவாக்கலையில் நெடுங்காலம் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கு ஒரு வயது மூத்த அக்கா. மேடையேறப் போகிறவள், முன்வரிசையில் இருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட அதிபரிடம் சொன்னாள்: "இவதாங்க எனக்கு மொத மொத கணக்குப் போட்டுக் குடுத்தவ."

அதிபர் சிரித்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத என்னை அக்கா கேலி செய்கிறாள் என்று நினைத்திருப்பார். நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

டிக்கோயாப் பக்கம் எங்கள் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு கோடியில் நாங்கள், மறு கோடியில் பெரியப்பா வீடு. அக்கா சின்ன வயதில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து வலது பாதம் உள்பக்கமாக வளைந்து போனவள். சமதரையில் நடப்பாள், மலையேற முடியாது. மலையேற முடியாத பெண்ணுக்குத் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? பெரியம்மாவுக்கு அந்த ஒரே கவலைதான். அதை யாரிடமும் சொல்ல மாட்டார், அக்காவின் தலையை வாரும்போது மட்டும் சீப்பு நடுவில் நின்றுவிடும்.

நான் கணக்கில் புலி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஓடிவிடுவேன். வரிசையில் வருகிற கூடைகளின் நிறையை மனதுக்குள் கூட்டிக்கொண்டே நிற்பேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு எடுக்க வேண்டிய அளவு கொழுந்து இருந்தால்தான் முழு நாள் சம்பளம், அதை முழுப் பேர் என்பார்கள். குறைந்தால் அரைப் பேர். பெரியம்மாவுக்கு இழுப்பு, குளிர் நாளில் அவர் கூடை நிறையாது. வரிசையில் நிற்கும்போதே அம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் பெரியம்மா கூடைக்குள் போட்டுவிடுவார். பேச்சு நிற்காது, கை மட்டும் போய் வரும். எல்லாப் பெண்களும் செய்வதுதான். நிறுத்துக் கணக்கெழுதுகிற கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், அந்த நேரம் பார்த்து அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுவார்.

நாங்கள் ஐந்தாவது படித்த வருஷம், ஹட்டன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்லி வாத்தியாருக்குக் கடிதம் வந்தது. அவர் எங்களுக்குப் பத்துக் கணக்கு வைத்தார். ஏழுக்குக் குறைந்தால் அனுப்ப முடியாது, ஏழோ அதற்கு மேலோ போட்டவர்களில் நன்றாகப் போட்ட ஒருவருக்குத்தான் இடம் என்று இரண்டு தடவை சொன்னார். ஏழு என்பது மட்டும் என் மனதில் நின்றது. மடுவத்தில் அளவு வந்துவிட்டால் அத்தனை பேருக்கும் முழுப் பேர். அங்கே ஒருத்திக்குத்தான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் அக்காவும் கைகோத்துக்கொண்டு பஸ்ஸில் போவதை அப்போதே பார்த்துவிட்டேன்.

ஒரே சிலேட்டுக் குச்சியை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு எழுதினோம். எனக்குப் பத்தும் முடிந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா கூட்டலும் கழித்தலுமாக நான்கு போட்டிருந்தாள். பெருக்கல் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அவள் கண்ணீர் அதில் சொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் அந்தப் பக்கம் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் சண்டையை விலக்கிக்கொண்டிருந்தார்.

பத்திலே மூன்று போனால் ஏழு. நாலோடு மூன்று சேர்ந்தால் ஏழு. என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் அவ்வளவு அழகாக விடை வந்தது வேறு இல்லை.

அவள் சிலேட்டை என் மடிக்கு இழுத்தேன்.

"வேணாம்டி, வாத்தியாரு பாத்துருவாரு."

"பாத்தா என்னா? மடுவத்துல கணக்கப்பிள்ளை ஐயா பாக்கலையா?"

அவள் எழுத்து மாதிரியே கோணலாக மூன்று பெருக்கலை எழுதிக் கொடுத்தேன். கொடுத்தது என்னிடம் இருக்கக் கூடாது அல்லவா? என் சிலேட்டில் அந்த மூன்றையும் எச்சில் தொட்டு அழித்தேன்.

வாத்தியார் இரண்டு சிலேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். என் சிலேட்டில் ஈரம் காயவில்லை.

"இந்த மூணையும் ஏன் அழிச்ச?"

"வரலைங்க சார்."

நான் எத்தனை எளிதில் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் ஆச்சரியம். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் காலைப் பார்த்தார். இந்த இரண்டு பேருக்குத்தான் ஏழு, மூத்தவள் போகட்டும், சின்னவளுக்கு அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்து அக்கா கையில் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வருஷம் என்பது அடுத்த லயம் மாதிரி, நடந்தால் வந்துவிடும் என்றிருந்தேன். வழியெல்லாம் குதித்துக்கொண்டுதான் வந்தேன்.

அம்மா மலையிலிருந்து வந்து, இடுப்புச் சாக்கை அவிழ்த்துப் போட்டு, ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தார். நான் முழுவதையும் சொன்னேன். பெரியம்மா கூடையில் நீ போடுவாயே, அது மாதிரி நான் மூன்று கணக்கைப் போட்டேன் என்று சொன்னபோது அம்மா மெச்சுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்கு எத்தன வந்துச்சு?"

"பத்து."

"பத்தும் சரியா?"

"பத்தும் சரிம்மா. அப்பறந்தான் அழிச்சேன்."

மாவு பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு அம்மா எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் லயத்து வாசலோடு விறுவிறுவென்று பெரியப்பா வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். என்னைப் பாராட்டத்தான் போகிறார், பெரியம்மாவுக்கும் சொல்லப் போகிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கே கதவு திறந்திருந்தது. பெரியப்பாவின் கல்யாண வேட்டியை வெட்டி, பெரியம்மா அக்காவுக்குப் பள்ளிக்கூட வெள்ளைக் கவுன் அளவெடுத்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். ஊசி குத்தினால் சிரித்தாள், குத்தாவிட்டாலும் சிரித்தாள். பெரியம்மா வாயில் நூலைக் கவ்விக்கொண்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

அம்மா வாசலில் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். எனக்குக் கால் கடுக்கிற வரைக்கும் நின்றார்.

"என்னா தங்கச்சி, வெளியிலயே நிக்கிற? உள்ள வா."

"ஒண்ணுமில்லக்கா. ஒரு கை உப்பு இருந்தா குடுங்க."

பெரியம்மா சிரட்டையில் உப்பு அள்ளிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டு, அக்காவின் கன்னத்தை மாவுக் கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத் திரும்பினார். வருகிற வழியில் என் கையைப் பிடித்தார். மாவு காய்ந்து சொரசொரத்த அந்தக் கை என் கையை இறுக்கிய இறுக்கில் எனக்கு வலித்தது.

அடுத்த வருஷம் அப்பா நோயில் படுத்துவிட்டார். ஹட்டன் கடிதம் வேறொரு பிள்ளைக்குப் போனது. என் பேர் தோட்டத்துக் கூலிப் பதிவான செக்றோலில் ஏறியது. என் கூடையின் நிறையில் ஒரு கணக்கப்பிள்ளையும் என்னை ஏமாற்றியதில்லை, அது போதும். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அம்மா அடுப்படிக்குப் போய் உப்புச் சட்டியைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். முந்தாநாள்தான் கடையில் வாங்கிக் கொட்டியிருந்தோம். சட்டி கழுத்து வரைக்கும் உப்பு இருந்தது.

"உப்புதான் இருக்கேம்மா?"

அம்மா இரவல் உப்பை அதன் மேலேயே கொட்டி மூடினார். அன்று எனக்கு மட்டும் இரண்டு ரொட்டி கிடைத்தது. இருக்கிற உப்பை விட்டுவிட்டு இந்த அம்மா ஏன் அவ்வளவு தூரம் நடந்தார் என்று யோசித்துக்கொண்டே, இரண்டையும் தின்று முடித்தேன்.